பிராக் நகரில் முதுகுப்பை யாத்திரை

முதுகில் ஒரு பையைச் சுமந்து, கையில் சொற்பப் பணத்துடன் ஐரோப்பாவின் பழைய ராஜதானிகளைச் சுற்றிவரும் இளைஞர் வழக்கத்தை வெறும் ஊர்சுற்றல் என்று ஒதுக்குவோரும் உண்டு. கல்வியின் பூர்த்தி என்று கொண்டாடுவோரும் உண்டு. இவ்விரு அபிப்பிராயங்களையும் ஏதேனும் ஒரு நகரத்தின் தெருக்களில் வைத்துச் சோதிப்பதே நியாயம். அதற்குச் செக் நாட்டின் தலைநகரான பிராக்கைக் காட்டிலும் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில், இரண்டாம் உலகப்போரின் பெருநாசத்துக்குத் தப்பி நின்ற அந்நகரம், 1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்து எல்லைகள் திறந்தபின், செலவு குறைவான ஊர் என்னும் புகழால் இத்தகைய யாத்ரீகர்களைப் பெருந்திரளாக ஈர்த்தது.

இவ்வழக்கத்துக்கு இரண்டு பிறப்பிடங்கள் உண்டு. மாணவர்கள் கால்நடையாகவே தேசத்தை அறிய வேண்டும் என்று விரும்பிய ரிச்சர்ட் ஷிர்மன் என்னும் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், 1912-இல் ஆல்டெனா கோட்டையில் இளைஞர் விடுதியை ஏற்படுத்தினார். அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1972-இல் வந்த இன்டர்ரெயில் சீட்டோ, ஒரே கட்டணத்தில் ஒரு மாத காலம் பல நாட்டு ரயில்களில் ஏறி இறங்கும் உரிமையை இளைஞருக்கு அளித்தது. முன்னதிலிருந்து இவ்வழக்கத்தின் மேன்மையும், பின்னதிலிருந்து அதன் தோஷமும் பிறந்தன என்பதே என் கருத்து.

பணமின்மை மனிதனை நடக்க வைக்கிறது. பிராக் நடப்பவனுக்கே தன்னைத் திறந்து காட்டும் நகரம். பழைய நகரச் சதுக்கத்தில், 1410-ஆம் ஆண்டைச் சேர்ந்த வானியல் கடிகாரத்தின்கீழ், மணிக்கொருமுறை அப்போஸ்தலர்களின் உருவங்கள் தோன்றி மறைவதைக் காணக் கூட்டம் அண்ணாந்து நிற்கிறது. அங்கிருந்து சில அடி தூரத்தில், தரைக்கல்லில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டிருப்பதைக் குனிந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே. 1620-இல் வெள்ளை மலைப் போரில் பொஹீமியப் பிரபுக்கள் தோற்றபின், அடுத்த ஆண்டு அவ்விடத்தில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 27 பேரின் நினைவாக அவை இருக்கின்றன. அதே சதுக்கத்தில், 1415-இல் உயிருடன் எரிக்கப்பட்ட சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸுக்கு, அவர் மறைந்த ஐந்நூறாம் ஆண்டில் எழுப்பிய சின்னம் நிற்கிறது. பேருந்தில் வந்து கொடி பிடித்த வழிகாட்டியைப் பின்தொடர்வோருக்கு இவற்றைத் தொடர்புபடுத்திச் சிந்திக்க அவகாசமில்லை. அருகிலுள்ள விடுதியின் அடுக்குக் கட்டிலில் உறங்கி, விடியற்காலையில், 1357-இல் நான்காம் சார்லஸ் காலத்தில் தொடங்கப்பட்ட பாலத்தின்மேல் தனியே நடக்கக் கூடிய ஏழை யாத்ரீகனுக்கோ அந்த அவகாசம் இயல்பாகவே வாய்க்கிறது. இது பெரும் பாக்கியம்.

ஆயினும், அவ்வவகாசத்தை அவன் பயன்படுத்துவதில்லை என்பதே என் முறையீடு. ரயில் சீட்டின் நாட்கள் குறைந்துகொண்டே வருவதால், பிராக்கில் இரண்டு இரவு, பிறகு வியன்னா, பிறகு புடாபெஸ்ட் என்று அவன் ஓடுகிறான். 1344-இல் அடிக்கல் நாட்டி 1929-இல் நிறைவேறிய புனித வைட்டஸ் பேராலயத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்குகிறான். பிங்கஸ் யூத ஆலயத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 யூதர்களின் பெயர்கள், 1990-களில் மீண்டும் எழுதப்பட்டு, வரி வரியாக நிறைந்திருக்கின்றன. அச்சுவர்களின் முன் அவசரத்துக்கு இடமேது? ஒரு குடும்பத்தின் பெயர்களையாவது நின்று படிக்காமல் வெளியேறுபவன் அங்கே போயும் போகாதவனே.

மற்றொரு குறை இதனினும் கொடியது. சிக்கனத்தின் பொருட்டுச் சேர்ந்து தங்குவோர் தம்மைப் போன்ற அந்நிய இளைஞர்களுடன் ஆங்கிலத்தில் உரையாடி, செக் மக்களில் ஒருவரோடும் பேசாமலே ஊரைக் கடந்துவிடுகின்றனர். பியரின் மலிவு மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. நள்ளிரவுக் கூச்சலைப் பொறுக்கமாட்டாத நகரசபை, வழிகாட்டிகள் கூட்டமாக மதுக்கடைகளுக்கு அழைத்துச் செல்வதை இரவு 10 மணிக்குமேல் 2024-இல் தடை செய்ய நேர்ந்தது. பழியெல்லாம் முதுகுப்பைக்காரர்மீது சாராது. மலிவு விமானத்தில் வார இறுதிக்கு வந்து களியாட்டம் ஆடுவோருக்கும், குடியிருப்புகளைப் பயணிகளின் அறைகளாக மாற்றிய உரிமையாளர்களுக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஆனால், சொற்பச் செலவில் வந்தவன் ஊருக்குச் சொற்பத் தீங்கே செய்கிறான் என்னும் எண்ணம் சரியன்று.

தமிழ் வாசகனுக்கு இந்நகரத்தோடு தனி உறவும் உண்டு. முருகனையும் சங்க இலக்கியத்தையும் மேற்குலகுக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவெலபில் பிராக்கில் 1927-இல் பிறந்தவர். 1348-இல் நிறுவப்பட்ட சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் போதித்தவர். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் நுழைந்தபின் தாய்நாட்டை விட்டுப் பெயர்ந்தவர். இதை அறிந்து வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் நிற்கும் தமிழ் இளைஞனுக்கு, அப்படையெடுப்பை எதிர்த்து 1969 ஜனவரியில் அங்கே தீக்குளித்த மாணவன் யான் பாலாக்கின் நினைவிடம் அந்நியமாகத் தோன்றாது. பைக்குள் துணிமணிகளோடு சிறிது சரித்திர அறிவையும் சேர்த்துக் கட்டியவனுக்கே இது சாத்தியம்.

ஆகவே, யூரெயில் என்னும் அத்தகைய ரயில் சீட்டை வாங்கப் பணம் சேர்க்கும் நம் இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வது இது: ஐந்து ராஜதானிகளில் நான்கைத் துணிந்து விட்டுவிடுங்கள், எஞ்சிய ஒன்றில் ஒரு வாரம் தங்குங்கள், நகர மையத்தை விட்டு விலகி ஜிஷ்கோவ் போன்ற பேட்டையில் அறை பிடித்து, உள்ளூர் ஜனங்களோடு டிராமில் போய் வாருங்கள், புறப்படுமுன் அந்நாட்டுச் சரித்திர நூல் ஒன்றையேனும் முழுதாகப் படித்துவிடுங்கள்.