வவுச்சர் எங்கே சார்?

ஆங்கிலம் பேசும் குழந்தை 'வென்ட்' என்பதற்குப் பதில் 'கோ-எட்' என்னும். ஒரு வயதில் சதா இப்படித்தான் பேசும் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். 1992-ல் கேரி மார்க்கஸ், ஸ்டீவன் பிங்க்கர் குழுவினர் 83 குழந்தைகளின் பேச்சை எண்ணிப் பார்த்தார்கள். இந்த மாதிரி சொற்களில் தப்பு, இடைநிலைக் கணக்கில், நூற்றுக்கு 2.5தான்! எண்ண முடிந்ததே, பலர் பாடுபட்டுச் சேர்த்த பதிவுகளை 1984-ல் தொடங்கிய 'சைல்ட்ஸ்' பொதுக் களஞ்சியத்தில் போட்டு வைத்ததால்தான்.

பதிவைப் பீரோவில் பூட்டிவிட்டு முடிவை மட்டும் அச்சிடும் மொழியியலாளர்களைப் பார்த்தால், பி.காம். படித்த எனக்கு வவுச்சர் காட்டாத கம்பெனி ஞாபகம்தான் வருகிறது. பேசியவர் வேண்டாமென்றால் பூட்டுங்கள், நியாயம். 'என் உழைப்பாச்சே' என்றால்? சேர்த்தவர் பெயரைச் சொல்லித்தான் எடுத்தாள வேண்டும் என்பது அந்தக் களஞ்சியத்தின் விதி. தமிழ்க் குழந்தைப் பேச்சும் அங்கே இருக்கிறது. நீங்களே எண்ணலாம்.