தனியூரும் அண்டை வீடும்

திருநெல்வேலிச் சீமையின் செம்மணல் தேரிகளுக்கு அருகே 1799-ஆம் ஆண்டில் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு எழுந்ததும், பின்னர் மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில், விசுவாசிகளுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவதற்கென்றே தரும சங்கம் என்றொரு ஸ்தாபனம் தோன்றியதும், கிறிஸ்தவ ஜீவியத்திற்கு முதலில் வேண்டுவது தனியானதோர் ஊரே என்ற எண்ணத்தை அப்பிரதேசத்தில் வேரூன்றச் செய்தன. அந்த எண்ணத்தின் குணத்தையும் குற்றத்தையும் இன்று சீர்தூக்கிப் பார்ப்பது அவசியம்; ஊரின் எல்லை கலைந்துபோன இடங்களிலும் அது வளர்த்த மனப்பான்மை கலையவில்லை.

ஊர்த் தெய்வத்தின் கொடைக்கு வரி கொடுக்க மறுத்த ஏழைப் பனையேறி, வீட்டையும் பிழைப்பையும் ஒருங்கே இழக்க நேரிட்ட காலத்தில், அவனுக்கு ஒதுங்க ஒரு மண்ணைத் தேடிக் கொடுத்தது தயையான செயல் என்பதில் ஐயமில்லை. அம்மண்ணில் கோயிலும் பள்ளிக்கூடமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பெண்கள் எழுத்தறிவது அபூர்வமாயிருந்த நாளில் அங்கே சிறுமியர் வேதபுஸ்தகம் வாசித்தார்கள். 1841-இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்த மிஷனெரி கால்டுவெல் ஐயர் தெருக்களை நேராக வகுத்தார். அவர் மனைவியார் எலைசா அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னும் தொழிலைக் கற்பித்தார்.

ஆயினும் இக்குடியிருப்புகளில் வளர்ந்தவற்றுள் நான் மிகவும் மதிப்பது கைப்பிடி அரிசி என்னும் சிறு வழக்கத்தையே. உலையிலிடுவதற்காக அரிசியை அளக்கும் குடும்பத் தலைவி, அதிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனிக் கலயத்தில் இட்டு, சேர்ந்ததைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். பிரசங்கமும் சட்டமும் இன்றி, கூலியின் ஏற்றத்தாழ்வையும் பாராமல், அடுப்படியிலேயே அவளுடைய பக்தி தினந்தோறும் ஒரு முறை தன்னை வெளிப்படுத்திக்கொண்டது. இதற்கு மதில் தேவைப்படவில்லை. எந்த ஊரிலும், எந்த அயலாருக்கு மத்தியிலும் செய்யத்தக்க காரியம் இது. அந்தக் கலயத்து அரிசி சபையின் செலவுக்கே சென்றதேயொழிய, அடுத்த தெருவில் பசித்திருந்தவனுக்குப் போகும் வழியை யாரும் ஏற்படுத்தவில்லையே என்ற வருத்தம் மட்டும் எனக்கு உண்டு.

இவ்வருத்தத்தின் காரணம் குடியிருப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. மிஷனெரியே குருவாகவும் நிலக்காரராகவும் நியாயாதிபதியாகவும் விளங்கிய ஊரில், கீழ்ப்படிதலே விசுவாசத்தின் அடையாளமாயிற்று. 1857-இல் சட்டம்பிள்ளை என்பவர் மிஷனெரிகளின் சபையை விட்டுப் பிரிந்துபோய் இந்து கிறிஸ்தவ சபையை நிறுவியதை வெறும் கோபதாபம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. தம் மக்கள் தம் சபையைத் தாமே நடத்த வல்லவர் என்ற தன்மானமும் அதில் இருந்தது. இக்கீழ்ப்படிதலைவிடப் பெரிய குற்றம் ஜாதி. ரேனியஸ் தம் மாணாக்கர் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று வற்புறுத்தியும், குடியிருப்புகள் பெரும்பாலும் ஒரே ஜாதியாரின் ஊர்களாகவே வளர்ந்தமையால், கிறிஸ்தவன் என்ற பெயரும் ஜாதியின் பெயரும் பிரிக்க முடியாதபடி பிணைந்துபோயின. 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவி, தூரத்துத் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்குத் தம் காசில் ஊழியரை அனுப்பும் அளவுக்கு உதாரகுணம் படைத்த இச்சமூகம், பக்கத்துச் சேரியிலிருந்து ஞானஸ்நானம் பெற்று வந்தவனோடு சம்பந்தம் செய்துகொள்ளத் தயங்கிற்று. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து அருந்தியவர்கள் பெண் கொடுக்கும்போது ஜாதியை விசாரிக்கும் வழக்கம் இன்றளவும் அற்றுப்போகவில்லை.

அடைக்கலமாகத் தொடங்கியதை அதன் ஸ்தாபகர்கள்மேல் குற்றமாகச் சாட்ட நான் துணியமாட்டேன். அடைக்கலம் தேவையற்றுப்போன பின்னும், அண்டை வீட்டாரோடு கலந்து வாழும் பயிற்சியைத் தம் பிள்ளைகளுக்கு அளிக்காத பின்வந்த தலைமுறைகளையே கேட்க வேண்டும். பிழைப்பை நாடிச் சென்னைக்கும் பம்பாய்க்கும் இலங்கைக்கும் சென்ற அவ்வூர்ப் பிள்ளைகளுள் பலர், போன இடத்திலும் தம் ஊராரையே தேடிக் கூடித் தமிழ்ச் சபை அமைத்துக்கொண்டார்கள். சுவரின் மறுபுறத்தில் வாழ்ந்தவரின் பெயரை அறிந்துகொள்வதும், அவர் வீட்டு நோயிலும் சாவிலும் முதலாவதாகப் போய் நிற்பதும் தம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைச் சேர்ந்தவையே என்று அவர்களுக்கு எவரும் கற்பித்து அனுப்பவில்லை.