'நார்மல்' யாருடைய அளவுகோல்? – மெர்லோ-பொந்தியின் ஷ்னைடரை முன்வைத்து

'நார்மல்' என்ற சொல் இன்று நம் வீடுகளில் தமிழ்ச் சொல்லாகவே புழங்குகிறது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் நார்மல், பிரசவம் நார்மல், "பையன் நார்மலாத்தான் இருக்கான்" என்று பெருமூச்சு. ஆனால் இந்த மூன்று இடங்களிலும் சொல்லின் பொருள் ஒன்றல்ல. முதலாவது, பலரை அளந்து வகுத்த எல்லை. இரண்டாவது, அறுவை சிகிச்சை இல்லாத வழி. மூன்றாவது, நம்முடைய எதிர்பார்ப்பு மட்டுமே. இம்மூன்றையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளும்போது அடிபடுகிறவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்: பேசத் தாமதிக்கும் குழந்தை, இடதுகையால் எழுதும் சிறுமி, ஞாபகம் தடுமாறும் பெரியவர். இக்குழப்பத்தை நிகழ்வியல் எந்த அளவுக்குத் தெளிவிக்கிறது, எங்கே அதுவும் சறுக்குகிறது என்பதை ஒரு நூலை முன்வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்வியல் என்பது மனித அனுபவத்தை வெளியே நின்று அளக்காமல், அனுபவிப்பவருக்கு உலகம் எவ்வாறு தோன்றுகிறது என்பதை உள்ளிருந்து விவரிக்கும் மெய்யியல் முறை. இதைத் தொடங்கிவைத்த எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல், இயல்பு என்பதைச் சராசரியாகக் கொள்ளவில்லை. ஓர் அனுபவம் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே அவருக்கு இயல்பு. சான்டோனின் என்ற மருந்தை உட்கொண்டவருக்குப் பொருள்கள் மஞ்சளாகத் தெரியும். உலகம் நிறம் மாறிவிட்டது என்று அவர் நினைப்பதில்லை; மாறியது தன் பார்வை என்று, முந்தைய அனுபவத்தோடு ஒப்பிட்டே அறிகிறார்.

இந்த வழியில் வந்த மொரீஸ் மெர்லோ-பொந்தி 1945இல் வெளியிட்ட 'புலனுணர்வின் நிகழ்வியல்' என்ற நூலில் ஷ்னைடர் என்ற நோயாளி மீண்டும் மீண்டும் வருகிறார். முதல் உலகப் போரில் தலையின் பின்புறம் காயம்பட்டவர். அவரைப் பரிசோதித்தவர்கள் ஜெர்மானிய அறிஞர்களான கெல்ப், கோல்ட்ஸ்டீன் இருவரும். கொசு கடித்தால் அந்த இடத்தில் அவர் கை உடனே போய்விடும். ஆனால் "மூக்கைச் சுட்டிக் காட்டுங்கள்" என்றால் திணறுவார். பிடித்துக்கொள்ள அனுமதித்தால்தான் முடியும். பழகிய வேலையில் கை ஓடும். சும்மா 'பாவனை' செய்யச் சொன்னால் ஓடாது. கோல்ட்ஸ்டீன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பாத நாளில், அந்த வீட்டைக் கடந்து போனாலும் அடையாளம் தெரியாது.

மெர்லோ-பொந்தியின் விளக்கம் இது: ஷ்னைடருக்குக் கெட்டது கண்ணோ கையோ தனியாக அல்ல, அறிவும் அல்ல. நம்மைச் சுற்றிக் கடந்த காலம், வருங்காலம், பிறர், சாத்தியங்கள் எல்லாவற்றையும் வளைத்து நிற்கும் ஒரு வில் இருக்கிறது. நோயில் அது தளர்ந்துவிடுகிறது. நோயை உறுப்பின் பழுதாகப் பார்க்காமல் ஒரு முழு மனிதரின் உலகம் மாறிய விதமாகப் பார்த்தது இந்நூலின் பெரும் சாதனை எனலாம்.

குறை எங்கே? நோயாளியிடம் இல்லாததைக் கூட்டினால் இயல்பானவர் கிடைத்துவிடுவார் என்று கருதக்கூடாது என மெர்லோ-பொந்தியே எச்சரிக்கிறார். ஆனால் நூல் நெடுக ஷ்னைடர் வருவது 'முடியாதவர்' ஆகத்தான். பாடமாட்டார், விசில் அடிக்கமாட்டார், விளையாடமாட்டார். அவர் தோல் பர்ஸ் தைக்கும் தொழிலாளி. இயல்பான தொழிலாளியின் வேலையில் முக்கால் பங்கு செய்தார் என்பதும் அதே நூலில் இருக்கிறது. தலையில் காயம்பட்ட மனிதர் முக்கால் பங்கு வேலையை எப்படிச் சாதித்தார், அதற்காக என்னென்ன புது வழிகளைக் கண்டுகொண்டார் என்ற கேள்வி வாதத்தின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. அந்த மூல ஆய்வுகளின் நம்பகத்தன்மையைப் பின்வந்த நரம்பியலாளர் சிலர் ஐயுற்றதும் கருதத்தக்கது.

இந்த ஓரத்துக் கேள்வியை நடுவில் வைத்தவர் ஜார்ஜ் காங்கிலேம். மெய்யியல் படித்துப் பின் மருத்துவமும் படித்த இவர், 1943இல் அளித்த மருத்துவ ஆய்வேட்டில் இயல்பு, நோய் என்ற இரண்டையும் ஆராய்ந்தார். நோய் என்பது இயல்பிலிருந்து அளவில் கூடுதல் குறைவு மட்டுமே என்றார் 19ஆம் நூற்றாண்டு உடலியலாளர் கிளாத் பெர்னார். காங்கிலேம் இதை ஏற்கவில்லை. நமக்குத் தெரிந்த சுகர் நோயையே எடுத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் அது ஓர் எண்; ஆனால் அந்த மனிதருக்குச் சாப்பாடு, பயணம், பண்டிகை எல்லாமே வேறாகிவிடுகின்றன. நோயாளி ஒழுங்கு இல்லாதவர் அல்லர். குறுகிய ஓர் ஒழுங்குக்குள் வாழ்பவர். புதிய சூழலுக்குப் புதிய ஒழுங்கை உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றலே ஆரோக்கியம். சராசரிக்கு இதில் இடமில்லை. வலக்கையர் மிகுதி என்பது ஓர் எண்ணிக்கை. "சோத்துக் கையாலதான் எழுதணும்" என்பது நாம் போட்ட சட்டம். எண்ணிக்கை சட்டமாகும் இடத்தில்தான் தீங்கு தொடங்குகிறது.

தமிழ் இலக்கணத்திலும் இதற்கு இணக்கமான ஒரு பார்வை உண்டு. விதிப்படி அமைந்த சொற்களை மட்டும் நன்னூல் 'இயல்பு வழக்கு' என்று சொல்லவில்லை. முன்பின் மாறி நிற்கும் 'வாயில்' போன்ற இலக்கணப்போலியும், தஞ்சாவூர் சிதைந்து வந்த 'தஞ்சை' போன்ற மரூஉவும் இயல்பு வழக்கின் வகைகளே. விதியிலிருந்து விலகியும் வழக்கில் உயிரோடு இருப்பதை இயல்பு என்றே ஏற்றது அந்த நூல். மொழிக்குக் காட்டிய இந்தப் பெருந்தன்மையை மனிதருக்குக் காட்டக் கூடாதா?

வெளிமாநிலத் தமிழருக்கு இது வெறும் நூல் விவாதம் அல்ல. உயிர் ஒன்று இயல்பானதா என்பதை அதன் சூழலை விட்டுத் தனியே சொல்ல முடியாது என்பார் காங்கிலேம். ஊரில் கோயில், கடைத்தெரு, தெரிந்த முகங்கள் என்று ஒருவரையும் கேட்காமல் நடமாடிய பெரியவரைத் தில்லிக்கோ மும்பைக்கோ அழைத்து வருகிறோம். லிப்ட், ஒரே மாதிரிக் கதவுகள், இந்தியில் கேள்வி கேட்கும் வாட்ச்மேன். இரண்டு தடவை வழி தவறினால், "அப்பாவுக்கு என்னவோ ஆயிடுச்சு" என்கிறோம். உண்மையில் மறதி நோயாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் அத்துடன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: சுருங்கியது அவருடைய அறிவா, நாம் அவருக்குக் கொடுத்த உலகமா?

ஷ்னைடரைப் படித்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவரால் முடியாதவற்றின் பட்டியலை அல்ல. அந்த முக்கால் பங்கை. "இவர் நார்மலா?" என்பதற்குப் பதில், "இவரால் எதெல்லாம் முடிகிறது, இன்னும் கொஞ்சம் முடிய நாம் என்ன மாற்ற வேண்டும்?" என்று கேட்கப் பழகினால், மெர்லோ-பொந்தி பாதியில் விட்ட வேலையை நம் வீடுகளிலேயே தொடர்ந்தவர்கள் ஆவோம்.