செருப்பும் வயலும் சேர்ந்த ஜெபம்

கர்த்தருடைய ஜெபத்தில் அன்றாட ஆகாரத்தைக் கேட்கும் விண்ணப்பம் ஒன்று உண்டு. ஒரே வரிதான். 1529இல் மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் அந்த வரிக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. அதை முசிறிப் பக்கத்துக் காவிரிக் கரையில் உட்கார்ந்து படித்தால்தான் முழு ருசி தெரியும் என்பது என் கட்சி.

ஆகாரம் என்றால் என்ன என்று கேட்டுவிட்டு லுத்தர் சோற்றோடு நிறுத்தவில்லை. உணவு, பானம், உடை என்று தொடங்குகிறார், அடுத்ததே செருப்பு. பிறகு வீடு, மனை, வயல், கால்நடை, பணம். அதற்கப்புறம் நல்ல துணை, நல்ல பிள்ளைகள், நல்ல வேலையாட்கள். நியாயமான ஆட்சியும் பருவம் தவறாத வானிலையும் அந்தப் பட்டியலில் உண்டு. சமாதானம், ஆரோக்கியம், நண்பர்கள் என்று போய், ஏறக்குறையக் கடைசியில் உண்மையுள்ள அயலார் வருகிறார்கள்.

பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் ஜெபத்துக்கு உரை எழுதும்போது செருப்பு ஞாபகத்துக்கு வந்திருக்கிறதே, அதுதான் முதல் அழகு. ஆனால் என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது அந்த அயலார்தான். ராத்திரி மடையை உடைத்துத் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொள்கிறவனும் அயலான்தான். நாம் ஊருக்குப் போயிருக்கும்போது நமக்கும் சேர்த்து மடை கட்டிவிட்டு வருகிறவனும் அயலான்தான். வாய்க்கால் பாசனத்தில் பக்கத்து வயல்காரர் சரியில்லை என்றால் உரமும் விதையும் வீண். ஆட்சியும் வானிலையும் சோற்றில் சேர்த்திதானா என்று நகரத்துக்காரர் கேட்கலாம். ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று காத்திருக்கும் குடியானவர் கேட்க மாட்டார்.

லுத்தர் தன்னைக் குடியானவன் மகன் என்று சொல்லிக்கொண்டவர். வீட்டில் உண்மையான விவசாயம் பார்த்தது மனைவி கத்தரீனா. மாடு, பன்றி, மீன்குளம், தோட்டம் எல்லாம் அந்த அம்மாள் நிர்வாகம். 1540இல் சுல்ஸ்டார்ஃப் என்ற இடத்தில் ஒரு சின்னப் பண்ணையும் அவர் வசம் வந்தது. பிறகு கணவர் எழுதிய கடிதங்களில் மனைவியைச் சுல்ஸ்டார்ஃப் சீமாட்டி என்று கேலியாக விளித்திருக்கிறார். நல்ல துணையையும் நல்ல பிள்ளைகளையும் வயலுக்கும் மாட்டுக்கும் பக்கத்திலேயே வைத்து ஜெபிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

இந்தப் புத்தகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு. அந்த மரபில் வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை முறையாக அமைந்தது 1919 ஜனவரி 14இல். பொங்கலை ஒட்டிய நாள்! அதன் பேராயருக்கு இன்றும் தரங்கம்பாடிப் பெயர்தான், இருப்பிடம் மட்டும் திருச்சி. காவிரிப் படுகையின் கிராமச் சபைகளில் சொந்த நிலம் வைத்திருந்தவர்களைவிட அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்களே அதிகம். இதை நினைத்துக்கொண்டு பட்டியலுக்குத் திரும்புங்கள். வயல் வேண்டும் என்று கேட்கிறவருக்கு வயல் இல்லை. நல்ல வேலையாட்கள் என்று வரும் இடத்தில், அதைச் சொல்கிறவரே வேலையாள். மிராசுதார் வாயில் வெறும் நன்றியாக இருக்கும் சொல், இவர் வாயில் உரிமைக் கோரிக்கை ஆகிவிடுகிறது. லுத்தர் இதை யோசித்தாரா என்பது வேறு விஷயம்.

இன்னொரு நுணுக்கம். ஞானோபதேசத்தின் ஒவ்வொரு பகுதியும் குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க என்றே எழுதப்பட்டது. போதகர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மற்ற நாளெல்லாம் சேற்றுக் காலோடு வரும் அப்பாதான் உபதேசியார். காலையில் எழுந்ததும் ஜெபம், பிறகு ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே வேலைக்குப் போ என்கிறது புத்தகம். ராத்திரிக்கான கட்டளை அதைவிட இனிப்பு: ஜெபம் முடிந்ததும் சந்தோஷமாக உடனே தூங்கிவிடு. கோரைப் பாய்க்குப் பேர்போன முசிறியில் இதைவிட எளிதாக நிறைவேற்றக்கூடிய வேதக் கட்டளை வேறு இருக்குமா என்ன!

பாடிக்கொண்டு வேலைக்குப் போகச் சொன்னால் தமிழன் என்ன பாடுவான்? அதற்குப் பதில் வைத்திருந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). குறவஞ்சி, கும்மி, நொண்டி நாடகம் என்று நாட்டில் புழங்கிய வடிவங்களையெல்லாம் கிறிஸ்துவுக்கு எடுத்துக்கொண்டவர், ஞான ஏற்றப்பாட்டும் செய்தார். ஏற்றம் இறைப்பதை அறிந்தவர்களுக்கு இதன் சாமர்த்தியம் புரியும். துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே ஒருவர் சாலைப் பிடித்துத் தண்ணீரைக் கவிழ்ப்பார். சால் இறங்கும்போது ஒரு அடி, ஏறும்போது ஒரு அடி. எத்தனை சால் ஆயிற்று என்ற கணக்கும் பாட்டுக்குள்ளேயே ஓடும். விடியுமுன் தூக்கக் கலக்கத்தில் மேலே நடப்பவர் கால் இடறாமல் காப்பதும் அந்தத் தாளம்தான். உயிர்காக்கிற தாளத்தில் உபதேசத்தை ஏற்றிவிட்டால் அது மறக்குமா? கோயில் பிரசங்கத்தைவிட இது ஆழமாக இறங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மோட்டார் வந்தது, துலா போயிற்று. பாடுவதற்கு வேலையில் இடமில்லை. சுவிட்சைத் தட்ட எத்தனை அடி பாட்டு வேண்டும்? மிச்சம் இருப்பது அறுப்பின் பண்டிகை. வாழைத்தாரும் பூசணியும் கோழியும் கோயிலுக்கு வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். தேங்காய் ஒன்றைச் சந்தை விலைக்கு மேல் பல மடங்கு கொடுத்து ஒருவர் எடுப்பார். எடுத்த கையோடு மறுபடி ஏலத்துக்கே விடுவார். வியாபாரிகள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். விளைந்தது முழுதும் தன்னுடையதல்ல என்பதை இவ்வளவு கலகலப்பாகச் சொல்லும் வேறு வழி எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் ஞானோபதேசமோ ஞானப்பாட்டுப் புத்தகமோ கிடந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஏற்றம் இறைத்த பெரியவர் யாராவது இருந்தால், எந்த மதத்தவர் ஆனாலும் சரி, பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொல்லி போனில் பதிவு செய்துவிடுங்கள்.