தேங்காய் எண்ணெய் எந்த அலமாரியில்?

தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா? இதற்கு முடிவு சொல்ல உச்ச நீதிமன்றத்துக்கே பல ஆண்டுகள் ஆயின. சின்னப் பாட்டில்களிலும் பாக்கெட்டுகளிலும் விற்கும் சுத்தமான தேங்காய் எண்ணெயை உணவு எண்ணெய் என்று கொண்டு குறைந்த வரி போடுவதா, கூந்தல் எண்ணெய் என்று கொண்டு கூடுதல் வரி போடுவதா என்பது வழக்கு. வழக்காடிய வரித்துறை அலுவலகம் நம் சேலத்தில் இருந்தது. 2018-இல் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். 2024 டிசம்பரில் மூன்று பேர் அமர்வு ஒரு வழியாக முடித்துவைத்தது: உணவு எண்ணெய்தான், கூந்தலுக்கென்றே சொல்லி விற்றால் மட்டும் கூந்தல் எண்ணெய். அன்றைய ஜி.எஸ்.டி. கணக்கில் ஒன்றுக்கு 5 விழுக்காடு, மற்றதற்கு 18.

வீட்டில் இந்த வழக்கு எழுந்ததே இல்லை. ஒரே பாட்டில்தான். அவியலை இறக்கும்போது அதிலிருந்து ஒரு சுற்று, தலை வாரும்போது உள்ளங்கையில் கொஞ்சம். வாரி முடித்ததும் விரல்களில் மிஞ்சிய பிசுக்கைப் பாட்டி தன் முழங்கையிலும் கெண்டைக்காலிலும் தேய்த்துக்கொள்வாள். அது அழகுக் குறிப்பு என்று அவளிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். எண்ணெயை வீணாக்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் கணக்கு.

இன்று அந்தப் பழக்கத்தின் பெயரும் மாறிவிட்டது, அளவும் மாறிவிட்டது. தயிர், தேன், பாலாடை, வாழைப்பழம், எலுமிச்சைச் சாறு, கடலை மாவு என்று அடுக்களையில் கைக்கு எட்டியது எல்லாம் கிண்ணத்தில் குழைந்து முகத்துக்குப் போகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சான்றிதழ்: இயற்கை. என் தகராறு அந்தச் சொல்லோடுதான். அடுக்களைப் பொருள்கள் ஒரே இனம் அல்ல. தோல் வறட்சி என்ற ஒற்றை வேலைக்கு அவற்றில் சில உண்மையாகவே உதவும். சில சும்மா இருக்கும். சில வறட்சியையே கூட்டும்.

வறட்சி என்பது தோலில் தண்ணீர் நிற்காமல் போவது. உள்ளங்கை, உள்ளங்காலை விட்டுவிட்டால், தோலின் ஆக மேலான படலம் ஒரு தாளின் கனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். உயிரற்ற செல்கள் செங்கல் போல அடுக்கியிருக்க, இடையில் செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த பூச்சு காரை போல நிரம்பியிருக்கும். காரை உதிர்ந்த சுவரில் ஈரம் தங்காது. வயதாகும்போது உதிரும், சோப்பு போட்டுத் தேய்க்கத் தேய்க்க உதிரும், ஏ.சி. அறையின் காய்ந்த காற்று மிச்சத்தையும் உறிஞ்சும். ஆகவே தோலுக்கு ஈரப்பதம் தருவதாகச் சொல்லும் எந்தப் பொருளிடமும் மூன்று கேள்வி கேட்கலாம். தண்ணீரைப் பிடித்து வைக்கிறதா? காரையின் இடைவெளியை நிரப்புகிறதா? மேலே மூடி போடுகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது சாப்பிடுவதற்கு மட்டும்தான்.

தேங்காய் எண்ணெய் இந்தத் தேர்வில் நன்றாகவே தேறுகிறது. வெறும் பாட்டி சாட்சியம் இல்லை. பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான சோதனையில், சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயும் மருந்துக்கடை மினரல் எண்ணெயும் சமமாக நின்றன. பிறகு கரப்பான் வந்த 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் பார்த்ததில், தேங்காய் எண்ணெய் ஒரு படி மேலேயே நின்றது, அது 2014. அதன் கொழுப்பில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். தோலில் தொற்று உண்டாக்கும் சில பாக்டீரியாக்களை அது அடக்கவும் செய்யும். சொறிந்து சொறிந்து புண்ணான தோலுக்கு இது சின்ன உதவி அல்ல.

ஆனால் நம் ஊர் வெயிலில் இதற்கு மறுபக்கமும் உண்டு. தேமலையும் பொடுகையும் உண்டாக்கும் மலாசீசியா என்ற பூஞ்சை தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்துகொள்ளாது. வெளியில் இருந்துதான் வாங்கித் தின்னும். கடலோர ஊர்ப் புழுக்கத்தில், வியர்வை காயாத கழுத்திலும் முதுகிலும் எண்ணெயை அப்பினால் அதற்கு விருந்து வைத்தது போலத்தான். பதினாறு வயதுப் பிள்ளையின் பரு நிறைந்த முகத்துக்கும் இதே பேச்சு. மார்கழியில் உதகையிலோ ஓசூரிலோ காலில் வெள்ளைக் கோடு விழும் ஒருவருக்கு அருமருந்தாக இருப்பது, சித்திரையில் சென்னையில் இன்னொருவர் நெற்றியில் கொப்புளமாகும்.

எண்ணெய் என்றால் எல்லாம் எண்ணெய்தானே என்பது அடுத்த மயக்கம். விலை அதிகம் என்பதாலேயே ஆலிவ் எண்ணெய்க்கு இங்கே ஒரு மரியாதை ஏறியிருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெரியவர்கள் தங்கள் முன்கையில் நான்கைந்து வாரம் தடவிப் பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. ஆலிவ் எண்ணெய் தடவிய இடத்தில் மேற்படலத்தின் கட்டுறுதி குலைந்து லேசாகச் சிவக்கவும் செய்தது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. ஆலிவில் மிகுதியாக இருப்பது ஒலெயிக் அமிலம். அது தோலின் காரையைத் தளர்த்தும். மருந்துகளைத் தோல் வழியாக உள்ளே அனுப்ப விரும்புகிறவர்கள் அதையே கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். சூரியகாந்தியில் மிகுதி லினோலெயிக் அமிலம். அதைக் கொண்டுதான் தோல் தன் காரையில் ஒரு பகுதியைக் கட்டுகிறது. நம் நல்லெண்ணெயில் இரண்டும் ஏறத்தாழச் சரிக்குச் சரி.

சூரியகாந்தி எண்ணெய்க்கு இதைவிடப் பெரிய வரலாறு ஒன்று உண்டு. டாக்காவில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில், 33 வாரம்கூட நிறையாமல் பிறந்த சிசுக்களுக்கு அதை மென்மையாகத் தடவி வந்தார்கள். தோலே முழுதாக உருவாகாத பிள்ளைகள் அவர்கள். கிருமி தோல் வழியாகவே ரத்தத்துக்குள் போய்விடும். எண்ணெய் தடவிய பிள்ளைகளிடம் மருத்துவமனைத் தொற்று 41 விழுக்காடு குறைந்தது என்று 2005-இல் எழுதினார்கள். இறப்பும் 26 விழுக்காடு குறைந்தது என்று 2008-இல். சமையல் எண்ணெய் உயிர் காத்தது என்று சொல்லும் தகுதி அந்த ஒரு பாட்டிலுக்கு உண்டு.

இதை எடுத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைக்கும் எண்ணெய் என்று ஓடினால் அதுவும் தப்பு. மான்செஸ்டரில் மாதம் நிறைந்து பிறந்த 115 குழந்தைகளைப் பார்த்தபோது (2016), ஆலிவ், சூரியகாந்தி இரண்டுமே தோலில் ஈரத்தைக் கூட்டின. ஆனால் காரை ஒழுங்காக அடுக்கு கட்டும் வளர்ச்சி, எண்ணெய் தொடாத பிள்ளைகளிடம்தான் நன்றாக இருந்தது. நலமாகப் பிறந்த பிள்ளையின் தோல் தன் வேலையைத் தானே செய்துகொள்கிறது. பிள்ளைக் குளியல் பற்றி இன்னொன்று: காலில் போட்டு நீவுவதோடு நிறுத்திக்கொள்ளும் பாட்டிகளை விட்டுவிடலாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுகிறவர்களை விட முடியாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். மருத்துவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

பிள்ளைக் குளியல் என்றதும் பெரியவர்களின் எண்ணெய்க் குளியலும் நினைவுக்கு வருகிறது. நம் பெருமைக்குரிய வழக்கம். அதைத் தொட்டால் சண்டைக்கு வருவார்கள். தொட்டுத்தான் ஆக வேண்டும். சனிக்கிழமை ஆண்கள், செவ்வாய் வெள்ளி பெண்கள், உடம்பெல்லாம் நல்லெண்ணெய், அரை மணி ஊறல். அதுவரை சரி. பிறகு என்ன செய்கிறோம்? சீயக்காய், அரப்பு, பயத்தம் மாவு என்று எதையாவது போட்டுப் பிசுக்குப் போகத் தேய்த்து, வெந்நீரில் ஊற்றிக் கழுவிவிடுகிறோம். மேலே போட்ட மூடியைத் தண்ணீர் பிடிக்கும் நேரம் பார்த்துத் திறந்து எறிவது இது. எண்ணெய் முன்பே ஊறியிருப்பதால் தேய்ப்பின் கடுமை கொஞ்சம் குறையும் என்பது உண்மை. உடம்பு லேசாகும், தூக்கம் வரும், அதெல்லாம் வேறு கணக்கு. வறட்சிக்கு என்று பார்த்தால் வரிசை தலைகீழ். குளித்துத் துவட்டி, தோலில் ஈரம் முழுக்கக் காயும் முன் மெல்லிசாக நாலு சொட்டு தடவுவதுதான் தண்ணீரை உள்ளே நிறுத்தும். எண்ணெய்க்குத் தானாக ஈரம் கிடையாது. இருக்கிற ஈரத்துக்குக் காவல் நிற்க மட்டுமே அதற்குத் தெரியும். மிச்ச எண்ணெயைக் காலில் தேய்த்துக்கொண்ட பாட்டி, குளித்து வந்து ஈரத் தலையை வாரிய கையோடு அதைச் செய்தாள். எண்ணெய் முழுக்கு போட்ட தாத்தாவின் கால்தான் மாலைக்குள் செதில் செதிலாக நின்றது.

இனி கிண்ணத்துக் குழைசல்கள். தேன் நல்ல பொருள். அதன் சர்க்கரை தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். முதல் கேள்விக்கு விடை உண்டு. ஆனால் பதினைந்து நிமிடத்தில் கழுவிவிட்டால் பிடித்ததும் சேர்ந்து போகும். தயிரில் உள்ள லாக்டிக் அமிலம் தோலிலேயே இயற்கையாக இருக்கும் ஒன்று. மருந்துக் களிம்புகளிலும் அளந்து சேர்க்கிறார்கள். அளந்து என்பதுதான் பிரச்சினை. நேற்று உறை ஊற்றிய தயிரும் மூன்று நாள் புளித்த தயிரும் ஒரே புளிப்பு அல்ல. பாலாடையில் வேலை செய்வது அதன் கொழுப்பு. பாலின் புரதம் தோலுக்குள் போய் ஊட்டம் தரும் என்பது கதை. மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேல் போனால் நல்ல தோலுக்குள் நுழைவது கடினம், பால் புரதங்கள் அதைப் போல இருபது மடங்குக்கும் மேல். வாழைப்பழத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பசித்தால் சாப்பிடலாம்.

கடலை மாவும் பயத்தம் மாவும் எண்ணெயை உறிஞ்சுபவை. எண்ணெய் வழியும் முகத்துக்குச் சரி. வறண்ட தோலுக்கு ஈரம் தருவதாக அவற்றைச் சொல்வது, நனைந்த தரையைத் துடைக்கும் துணியை நீர்த்தொட்டி என்பது போல. எலுமிச்சைக்கு மன்னிப்பே கிடையாது. தோலின் இயல்பான அமிலத்தன்மை பி.எச். 5-ஐ ஒட்டியது, எலுமிச்சைச் சாறு 2-க்கும் 2.5-க்கும் இடையில். அந்த எண் ஒன்று குறையும் ஒவ்வொரு முறையும் புளிப்பு பத்து மடங்கு ஏறும். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால், எலுமிச்சை இனப் பழங்களில் உள்ள சில பொருள்கள் ஒளியோடு சேர்ந்து தோலைச் சுட்டுக் கருந்திட்டு போடும். நிறம் வெளுக்கத் தடவியவர்களுக்குக் கறுத்துப் போகும் என்பதில் ஒரு கசப்பான வேடிக்கை இருக்கிறது.

இவற்றையெல்லாம் விட எனக்கு அச்சம் தருவது வேறு. சாப்பிடும் பொருள் தோலுக்குத் தீங்கு செய்யாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். வயிறு ஏற்றுக்கொண்டதைத் தோலும் ஏற்கும் என்று விதி இல்லை. உடைந்த தோல் வழியாக ஓர் உணவை முதலில் சந்திக்கும் உடம்பு, அதை எதிரியாகக் குறித்துக்கொள்ளலாம். வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்பைத் தடிப்பு வந்த தோலில் பூசிய சிசுக்களிடம் பின்னாளில் வேர்க்கடலை ஒவ்வாமை கூடுதலாக இருந்ததை 2003-இல் ஓர் ஆங்கிலேய ஆய்வு காட்டியது. ஜப்பானில் கோதுமைப் புரதம் சிதைத்துச் சேர்த்த முகச் சோப்பு ஒன்று பெரும் விற்பனையானது. அதைப் போட்டு முகம் கழுவியவர்களில் 2,000 பேருக்கு மேல், அதுவரை நன்றாகத் தின்றுவந்த ரொட்டியும் நூடுல்ஸும் தின்ன முடியாமல் போயிற்று. சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. கரப்பான் உள்ள பிள்ளையின் வெடித்த தோலில் பாலையும் கடலை மாவையும் பூசும் அம்மாவிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் பார்க்க வேண்டும். கடையில் களிம்பு விலை சின்னதல்ல; அதன் வாசனைப் பொருளே பலருக்கு அரிப்பு தருகிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு ஆகும் செலவு கூலி வேலைக்குப் போகும் வீட்டிலும் கணக்கில் வராது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மரத்து, பித்தவெடிப்பில் புண் வரக் காத்திருக்கும் ஒருவர், தினம் இரவு குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுப் படுத்தால் நல்லது. விரலிடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் தேங்கினால் சேற்றுப்புண். அதே வெடிப்புக்குச் சின்ன டப்பா பெட்ரோலியம் ஜெல்லி இன்னும் நன்றாக மூடி போடும். அது கச்சா எண்ணெயில் பிறந்தது என்று முகம் சுளிப்பவர்கள், புளித்த தயிரை எந்தப் பதப்படுத்தியும் இல்லாமல் இரண்டு நாள் குளியலறையில் வைத்துப் பூசுகிறார்கள்.

அடுக்களைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே ஒரு பழைய பாலம் உண்டு. ஆயுர்வேதத்தில் நெய்யைச் செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, வடித்து, மறுபடி தண்ணீர் விட்டு, இப்படி நூறு தடவை கழுவுவார்கள்; சததௌத கிருதம் என்று பெயர். நெய்க்குள் தண்ணீர் நுண்துளியாகச் சிக்கிக்கொள்ளும். ரோமாபுரியில் காலென் என்ற மருத்துவர் ஆலிவ் எண்ணெய், தேன்மெழுகு, ரோஜாப் பன்னீர் சேர்த்துக் கடைந்த குளிர் களிம்பும் இதே வித்தைதான். இன்றைய கிரீம் டப்பாவுக்குள் நடப்பதும் அதுவே. கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்து நிறுத்த உழைப்பு வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிண்ணத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முகத்தில் அப்பும் நமக்குத் தெரிவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உட்கார்ந்து பார்த்தேன். முப்பதாவது கழுவலில் மணல்மணலாக இருந்தது மறைந்தது. அறுபதில் நெய் மணம் போயிற்று, என் தோள்பட்டையும் போயிற்று. நூறில் வெள்ளை வெளேரென்று, தொட்டால் வழுக்கிக்கொண்டு, ஒரு கிரீம். கெடாமல் இருக்க மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பிய பையன் அதை வெண்ணெய் என்று நினைத்து ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தான். நான் ஓடிப் போய்ப் பிடுங்குவதற்குள் பாதி ரொட்டி முடிந்திருந்தது. "உப்பில்லைம்மா," என்றான்.