சீதன வீடும் அரச வீடும்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் வீடுகள் இரண்டு வழியில் எழுந்தன. முதலாவது, அரச கொடுப்பனவு: வீடு முழுதாக அழிந்திருந்தால் 250,000 ரூபா, பகுதி சேதமென்றால் 100,000 ரூபா. கட்டம் கட்டமாகக் கிடைத்த அந்தப் பணத்தில் சொந்தக் காணியிலேயே கட்டிக்கொள்ள முடிந்தது. கடலோரத் தடை வலயத்துக்குள் இருந்தவர்களுக்கோ, உதவி நிறுவனங்கள் வேறிடத்தில் கட்டித் தரும் வீடு. அந்த வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர்.

இவற்றில் முதல் வழியே மேல் என்பேன். மேசனைத் தெரிவுசெய்வதும் கல்லைப் பார்த்து வாங்குவதும் குடியிருக்கப் போகிறவர் கையில் இருந்தன. ஊரெல்லாம் ஒரே நேரத்தில் கட்டியதில் சீமெந்தும் கூலியும் ஏறின, கொடுப்பனவு போதவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பழைய வளவு கைவிட்டுப் போகவில்லை.

மட்டக்களப்பின் நாவலடி மக்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி என்றிருந்த மணல்திட்டை விட்டுத் திராய்மடுவுக்குப் போனார்கள். அலைக்கு எட்டாத இடம் என்ற நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தோணியும் வலையும் கிடக்கும் கரை தூரமாகிவிட்டது. 2005 இறுதியில் வலய எல்லை தளர்த்தப்பட்டது. அதற்குள் பலருடைய இடமாற்றம் தீர்மானமாகியிருந்தது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. மட்டக்களப்பில் வீடு பெண்ணின் சொத்து. மகளின் கலியாணத்தில் தாய் வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பாள். மருமகன் அங்கு வந்து குடியேறுவான். பெற்றோர் அதே வளவில் சிறு வீடு போட்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வீடு எழும். தாயும் பெண்மக்களும் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தார்கள். கணவன் கைவிட்டாலும் பெண் தெருவுக்கு வரவேண்டியதில்லை.

நிவாரணப் படிவமோ ‘குடும்பத் தலைவர்’ யாரென்று கேட்டது. ஆணின் பெயர் எழுதப்பட்டது. மனைவியின் சீதன வீடு அழிந்த இடத்தில் கணவன் பெயரில் வீடு வந்த குடும்பங்கள் உண்டு. மீள்குடியேற்றத்தில் அக்கா ஒரு வரிசையிலும் தங்கை இன்னொரு வரிசையிலுமாகப் பிரிந்தார்கள். மூன்று பெண்மக்கள் உள்ள தாய்க்கும் ஒரே அளவான துண்டுக் காணிதான். இரண்டாவது சீதன வீட்டுக்கு அதில் இடம் எங்கே?

அரச காணி வழங்கும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், 2022இல் திருத்தப்படும்வரை, வாரிசுரிமையில் ஆண்பிள்ளைகளையே முன்னிறுத்தியது. கல்லும் கூரையும் எண்ணிய அதிகாரிகள், அழிந்த வீடு யாருடையது என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டு உறுதி எழுதியிருக்க முடியும். அதற்கு மேலதிகமாக ஒரு சதமும் செலவாகியிராது.