‘கரும்பொருள்’, ‘கருப்பு ஆற்றல்’: இரு கலைச்சொற்கள் குறித்த மதிப்பீடு

கோமா விண்மீன் மண்டலக் கூட்டத்தை 1933இல் ஆராய்ந்த ஃபிரிட்ஸ் சுவிக்கி, ஒளிரும் பொருளின் நிறை மட்டும் அக்கூட்டத்தைப் பிணைத்து வைக்கப் போதாது எனக் கண்டார். புலனாகாத அந்நிறையே தமிழில் ‘கரும்பொருள்’ எனப்படுகிறது. இச்சொல் பொருத்தமுடையதன்று. கருநிறப் பொருள் ஒளியை உட்கவரும். இதுவோ ஒளியை உமிழ்வதுமில்லை, உட்கவர்வதுமில்லை. ஈர்ப்பு விளைவே இதன் இருப்பை உணர்த்துகிறது. மேலும், திணைக்கோட்பாட்டின் ‘கருப்பொருள்’ என்பதிலிருந்து இச்சொல் ஓரெழுத்தால் மட்டுமே வேறுபடுகிறது.

‘கருப்பு ஆற்றல்’ வேறொரு மயக்கத்தை விளைவிக்கிறது. அண்டத்தின் விரிவு முடுக்கமடைவதைத் தொலைதூர விண்மீன் வெடிப்புகளின் வழி 1998இல் ஆய்வாளர்கள் அறிந்தனர். அம்முடுக்கத்தின் காரணத்திற்கு இடப்பட்ட பெயரே இது. முன்னது திரண்டு ஈர்ப்பது. பின்னது எங்கும் பரவி விரிவை முடுக்குவது. பொது அடைமொழியோ இவ்விரண்டையும் ஓரினமாகக் காட்டுகிறது. ஆங்கில வழக்கிலும் இக்குறை உண்டு; அதனைத் தமிழும் சுமக்க வேண்டுவதில்லை.

பிளாங்க் விண்கல அளவீடுகளின்படி அண்டத்தில் முன்னது ஏறத்தாழ 27 விழுக்காடு. பின்னது 68 விழுக்காடு. அண்டத்தின் பெரும்பகுதியைச் சுட்டும் சொற்கள் இல்லாத நிறத்தைக் கற்பித்தால், மாணவர் முதலில் பெறுவது பிழையான கருத்தே. ஆகவே, ‘புலப்படாப் பொருள்’, ‘விரிவூக்க ஆற்றல்’ எனச் செயல்வழிப் பெயரிடுதலே தக்கது.